கிரீன் காய்வது மே மாதத்தில், கெட்டது நவம்பரில்

கேள்வி, 2024 மே 6

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரமாக ஒரு ஒன்பது குழி கோல்ஃப் மைதானம். மூன்று மாதம் முன்புதான் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்கு முன் நர்சரியில் இருந்தேன். கத்திரி ஆரம்பித்து இரண்டே நாளில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீன்களில் 4-ஆவதும் 7-ஆவதும் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிட்டன. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தண்ணீர் விடுகிறேன். இன்னும் கூட்டலாமா? நம் ஊரில் கிரீனுக்கு வெயில்தானே முதல் எதிரி? அனுபவம் உள்ள அண்ணன்கள் சொல்லுங்கள்.

மே 7, காலை

தண்ணீரைக் கூட்டாதே தம்பி, குறை.

கிரீனில் இருப்பது டிஃப்ட்வார்ஃப் என்றால் அது அருகம்புல் சாதி. நம் வயல் வரப்பில் கிடக்கும் அருகுக்கும் ஆப்பிரிக்க அருகு ஒன்றுக்கும் பிறந்த கலப்பு. 1965-இல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரிலிருந்து வெளியானது, பெயரே அந்த ஊரிலிருந்து வந்ததுதான். விதை பிடிக்காது, தண்டை நறுக்கித்தான் நட வேண்டும். 30 டிகிரிக்கு மேல் போனால்தான் அதற்கு உற்சாகமே வரும். வெயிலுக்குப் பிறந்த புல் கத்திரி தொடங்கி இரண்டு நாளில் சாகிறது என்றால் தப்பு வேறெங்கோ நடந்திருக்கிறது.

நாளைக் காலை பந்து விழும் குழியை இடம் மாற்றும்போது, குழி வெட்டும் கட்டரில் வரும் மண் துண்டைத் தூக்கிப் போடாமல் கையில் எடுத்துப் பார். வேர் எத்தனை சென்டிமீட்டர், மண் என்ன நிறம், என்ன வாசம், மூன்றையும் எழுது.

மே 7, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டுப் போனேன், பம்ப் கோளாறு. "குறை" என்று சொன்னது பாதிதான் சரி. குறைக்க வேண்டியது தடவைகளை, மொத்த அளவை அல்ல.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 1 லிட்டர். உன் கிரீன் 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள். மே மாதத்தில் நாளுக்கு 5 மி.மீ. போட்டாலே 2,500 லிட்டர். அதை மூன்று வேளையாகப் பிரித்தால் ஒவ்வொரு தடவையும் மேல் இரண்டு சென்டிமீட்டர் நனைந்து அப்படியே ஆவியாகும், வேர் கீழே இறங்கவே இறங்காது. விடியற்காலை ஒரே தடவை விட்டால் உள்ளே போகும்.

ஆனால் வேர் ஏற்கெனவே குட்டையாக இருந்தால் நாளைக்கே மதியத் தண்ணீரை நிறுத்தாதே, கிரீன் செத்துவிடும். ஒரு வாரம் காலையில் முழு அளவும் மதியம் இரண்டே நிமிடம் கை ஹோஸிலும் விடு, அப்புறம் மெதுவாக மதியத்தை விலக்கு. காய்ந்த திட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். உருண்டையாக நின்றால் அந்த மண் தண்ணீரை ஏற்க மறுக்கிறது என்று பொருள். அங்கே முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்திவிட்டு, திட்டு திட்டாகப் பொறுமையாக நனைக்க வேண்டும். ஸ்பிரிங்ளரை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அந்தத் திட்டுக்குள் இறங்காது.

மே 9

தம்பி அளந்து எழுதியிருக்கிறார். 4-இல் வேர் 2.5 செ.மீ., 7-இல் 3 செ.மீ. ஆறு சென்டிமீட்டர் ஆழத்தில் விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை, அழுகிய முட்டை வாசம்.

நான் பயந்தது இதைத்தான். கல்யாண வீட்டில் பெரியவர்கள் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துவார்கள். அப்படி வேரோட வேண்டிய புல் 2.5 சென்டிமீட்டரில் நிற்கிறது! அந்தக் கறுப்பு, மண்ணுக்குள் காற்றே போகாமல் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கியதால் வந்தது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தகச் சேர்மங்களைச் சிதைக்கும், அதில் வருவது இரும்போடு சேர்ந்து கறுக்கும். வேர் அந்தப் பட்டையைத் தொட்டதும் செத்துவிடும். மே மாதத்து வெயிலில் மண் அப்படித் தேங்கிக் கறுக்காது. அது போன ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடந்தது. டிசம்பர் தொடக்கத்து மிக்ஜாம் புயல் மழையும் அதில் சேர்த்தி.

சென்னையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும். அதே நாள்களில் மேகம் மூடியிருக்கும், பகலும் குறுகும். அருகுக்கு நேர் வெயில் ஆறேழு மணி நேரமாவது வேண்டும். வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, மேலே மட்டும் 3.5 மி.மீ.க்கு வெட்டிக்கொண்டே இருக்கிறோம். புல் வேரைத் தின்றுதான் பிழைக்கிறது. நான் பதினெட்டு வருடமாக ஒரு நோட்டில் வேர் நீளம் எழுதி வருகிறேன். செப்டம்பரில் 13, 14 சென்டிமீட்டர் இருக்கும் கிரீன் டிசம்பர் நடுவில் நாலைந்துக்கு வந்துவிடும். மார்ச்சுக்குள் அது மீண்டும் இறங்கவில்லை என்றால் மே மாதத்தில் என்ன செய்தாலும் ஒட்டுப்போடும் வேலைதான்.

அமெரிக்கப் புத்தகங்களில் உள்ள வருடாந்தர அட்டவணையை அப்படியே பின்பற்றாதே. அங்கே பனிக்காலம், அருகு உறங்கிவிடும், அதன் மேலே குளிர்காலப் புல்லான ரை விதைப்பார்கள். டெல்லிப் பக்கமும் அதே முறை உண்டு. சென்னையில் ஜனவரி இரவு 20 டிகிரி அளவில்தான் இருக்கும், நம் புல் உறங்குவதே இல்லை. நம் அட்டவணை மழையிலிருந்து தொடங்க வேண்டும்.

மே 12

இங்கே ஒருவர் "கடலோரம் என்கிறார், உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே" என்று கேட்டிருக்கிறார். நியாயம். எங்கள் மைதானம் ஊருக்குள் இருப்பதால் அது எனக்கு முதலில் தோன்றவில்லை.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை டி.டி.எஸ். மீட்டரில் பார். 2,000-ஐத் தாண்டினால் எனக்குக் கவலை வந்துவிடும். கோடையில் நிலத்தடி நீர் இறங்க இறங்க உப்பு ஏறும், அதனால் மாதா மாதம் பார். உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தினம் விடுவது மிக மோசம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் வேர்மட்டத்தில் தங்கும். பத்து நாளுக்கு ஒருமுறை இரவில் நிதானமாக, கீழே வடியும்வரை விட்டுக் கழுவி இறக்கு.

நீண்டகால யோசனையாக ஒன்று. போர் மாற வாய்ப்பே இல்லை என்றால் கடற்கரைப் பாஸ்பாலம் புல்லைப் பற்றி முதலாளியிடம் பேசு. உப்பை அது தாங்குமளவு டிஃப்ட்வார்ஃப் தாங்காது. ஆனால் வடிகால் சரியில்லாத கிரீனில் எந்தப் புல்லைப் போட்டாலும் இதே கதைதான்.

மே 21

தம்பி கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், அந்த நாள் இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளப்பில் மே மாதப் போட்டிக்கு கிரீன் வேகம் போதாது என்று கமிட்டியில் சொன்னார்கள். வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்று ஒரு அலுமினியப் பட்டை உண்டு, 36 அங்குலம். அதிலிருந்து உருட்டிவிட்ட பந்து எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் வேகம். எட்டரை ஓடியது, பத்து வேண்டும் என்றார்கள். வெட்டும் உயரத்தை 4 மி.மீ.யிலிருந்து 2.8-க்கு நாலே நாளில் இறக்கினோம். போட்டி நடந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். ஐந்தாம் நாள் காலை கிரீன் நீலச் சாம்பல் நிறத்தில் இருந்தது. மிதித்த கால்தடம் எழவே இல்லை. மூன்று கிரீன் போய்விட்டது, திரும்ப வர ஆகஸ்ட் ஆனது. முடியாது என்று அன்று நான் உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும். இலையை வெட்டிவிட்டால் வேருக்கு எங்கிருந்து சோறு வரும்?

வேகம் வேண்டும் என்றால் ரோலர் ஓட்டு, மேலே மணல் தூவும் டாப் டிரெஸ்ஸிங்கை மெல்லிசாகப் போடு, மோவரில் சுழலும் ரீலையும் அதன் அடிக்கத்தியையும் தீட்டி வை. ஒரு செய்தித்தாள் துண்டை ரீலில் கொடுத்துச் சுற்றினால் பிய்யாமல் சுத்தமாக நறுக்க வேண்டும். பிய்த்தால் புல்லையும் அப்படித்தான் பிய்க்கிறது. அந்தப் புல் நுனி மத்தியானத்துக்குள் வெள்ளையாகிவிடும்.

ஜூன் 16

கோரிங், அதாவது குழாய் ஊசியால் குத்தி மண் துண்டு எடுப்பது, எப்போது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இப்போது, ஜூன் முதல் ஆகஸ்ட் நடு வரை. புல் வேகமாக ஓடும் காலம், இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும். செப்டம்பர் கடைசியில் குத்தி, மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டு, குழி முழுக்கப் பாசி ஏறிய மைதானங்களைப் பார்த்திருக்கிறேன்.

12 மி.மீ. குழாய் ஊசி, 5 செ.மீ. இடைவெளி, 9 செ.மீ. ஆழம். அந்தக் கறுப்புப் பட்டை 6 செ.மீ. ஆழத்தில் இருப்பதால் அதைத் தாண்டிப் போயே ஆக வேண்டும். இப்படிக் குத்தினால் மேற்பரப்பில் நாலரை சதவீதம்தான் வெளியே வருகிறது. குழிகளை நிரப்ப ஒரு கிரீனுக்கு 2 கன மீட்டர் மணல் வேண்டும்.

இந்த மணல்தான் இப்போது பெரிய தலைவலி. ஆற்று மணல் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் எடுக்க மனம் ஒப்பவில்லை. எம்-சாண்ட் வாங்கினால் கான்கிரீட்டுக்கு உள்ளதை அனுப்பிவிடுவார்கள், அதில் ஐந்து மில்லிமீட்டர் வரை கல் இருக்கும். ஒரே ஒரு கல் ரீலில் போனால் அடிக்கத்தி பல்லாகிவிடும். பூச்சுக்கு உள்ளதை வாங்கினால் தூசு அதிகம், அது போய் அடைத்துக்கொள்ளும். கடல் மணலை வாசலிலேயே வைத்துக்கொண்டு தம்பி ஏன் வெளியே தேட வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். உப்பு ஒரு காரணம், எல்லா மணியும் ஒரே அளவாக உருண்டு இறுகாமல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது இன்னொன்று. கிரீனுக்கு ஏற்ற மணலில் பெரும்பகுதி கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

நான் செய்வது இது. லாரி இறக்கும் முன் கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி லாரியின் பானெட்டிலேயே வைத்துவிட்டு ஒரு டீ குடிப்பேன். திரும்பி வரும்போது மணலுக்கு மேல் சேறு தனி அடுக்காகப் படிந்திருந்தால், தண்ணீரும் இன்னும் கலங்கலாக இருந்தால், லாரி திரும்பிப் போகும். டிரைவர் திட்டத்தான் செய்வார். ஒருமுறை இரக்கப்பட்டு இறக்கிக்கொண்டேன். அந்த ஒரு லோடு இரண்டு கிரீனில் இன்றும் ஒரு சாம்பல் கோடாகத் தெரிகிறது, குழி வெட்டும்போதெல்லாம் பார்க்கிறேன்.

ஜூன் 17

மேலே "ஆகஸ்ட் நடு வரை" என்றேன். கடலோரத்தில் ஜூலைக்குள் முடித்துவிடு. உப்புத் தண்ணீரில் புல் மூடுவதற்கு நேரம் கூடுதலாகும்.

ஜூலை 28

கிரீன்வரை நீளும் புல்வெளியான ஃபேர்வேயில் மண்ணைக் கிளறி வரி வரியாக எழும்பியிருக்கிறது, காலையில் மைனாவும் கொக்கும் கூட்டமாக வந்து கொத்துகின்றன என்கிறார் தம்பி. பிள்ளைப்பூச்சியாக இருக்கும். மருந்து தெளிக்கும் முன் உறுதி செய். நாலைந்து லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு மேசைக்கரண்டி கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்று. இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் மண் லேசாக அசையும், மண்வெட்டி போன்ற முன்னங்காலை நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே வரும். எண்ணு. ஒன்று இரண்டு என்றால் கொக்கே பார்த்துக்கொள்ளும். ஏழெட்டு என்றால் மருந்து வேண்டும், சாயங்காலம் அடி, அது இரவில்தான் மேலே வரும். புழுவே வந்தால் அது படைப்புழு, வேறு கதை.

கோரையைப் பற்றியும் கேட்டார். ஃபேர்வேக்கு ஹாலோசல்ஃப்யூரான் என்ற களைக்கொல்லி இருக்கிறது, கிழங்கு வரை போகும். கிரீனில் நான் மருந்து தொடுவதில்லை, கைதான். எங்களிடம் பல வருடமாகக் களை எடுக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். குத்தவைத்து உட்கார்ந்து, தேய்ந்த ஸ்குரூடிரைவர் ஒன்றைக் கோரைக்குப் பக்கத்தில் சாய்வாக இறக்கி, லேசாக நெம்பி, இன்னொரு கையால் இலையைப் பிடிக்காமல் அடித்தண்டைப் பிடித்து இழுப்பார். கிழங்கு முழுசாக வரும், அருகில் உள்ள புல் அசையாது. மேலோடு பிய்த்தால் கீழே உள்ள கிழங்கு இரண்டு முளை விடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். டிப்ளமா படித்து வந்த பையன்களை முதல் வாரம் அவரோடு உட்கார வைக்கிறேன். அவருக்குக் கொடுக்கும் கூலி அந்தக் கைக்குப் போதாது என்பதையும் இங்கே எழுதியே ஆக வேண்டும். மோவர் ஓட்டுபவருக்கும் களை எடுப்பவருக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 18

மலைப்பக்கத்து நண்பர் உறைபனி பற்றியும் கிரீனை மிதிக்கும் காட்டெருமை பற்றியும் கேட்டதற்கு: நான் மலையில் இரண்டு வருடம்தான் இருந்தேன். டிசம்பர், ஜனவரியில் புல்மேல் வெள்ளையாக இருக்கும்போது யாரையும் கிரீனில் கால் வைக்க விடாதீர்கள். உறைந்த இலை மிதிபட்டால் உடைந்துவிடும், வெயில் ஏறியதும் கால்தடம் கறுப்பாகத் தெரியும். உருகும்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட வேண்டும், வேறு வழியில்லை. காட்டெருமைக்கு என்னிடம் மருந்து இல்லை. 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்திலேயே அவை தம் இடம் போல மேய்கின்றன. குளம்புப் பள்ளத்தை அன்றே நெம்பிச் சமப்படுத்தி மணல் போடுங்கள். நாலு நாள் விட்டால் அப்படியே இறுகிவிடும்.

செப்டம்பர் 29

மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவை. தம்பி, இதை மட்டும் நிதானமாகப் படி.

வெட்டும் உயரத்தை அக்டோபர் முதல் வாரமே 3.5-லிருந்து 4.5-க்கு ஏற்று. உறுப்பினர்கள் பந்து ஓடவில்லை என்று முகம் சுளிப்பார்கள், மே மாதத்தில் புல் இருக்கும் என்று சொல். யூரியாவை நிறுத்திவிடு, பொட்டாஷ் கொடு. மழையில் கொழுத்த புல்லில்தான் பூசணம் ஏறும். வடிகால் வாய்களைத் திறந்து குச்சி விட்டுப் பார், தண்ணீர் உண்மையில் வெளியே வருகிறதா என்று நின்று பார்.

அப்புறம் மரம். 7-ஆம் கிரீனுக்குக் கிழக்கே பெரிய புங்கமரம் என்று மே மாதம் எழுதியிருந்தாய். எங்கள் கிரீன் ஒன்றைச் சுற்றி தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தன. வருடா வருடம் மழைக்காலத்தில் அந்தக் கிரீன் மட்டும் மெலிந்து பாசி பிடிக்கும், நாங்களும் வருடா வருடம் பூஞ்சை மருந்து அடிப்போம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். ஒரே மத்தியானத்தில் நாலு மரமும் விழுந்தன. எத்தனை வருட மரங்கள், பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். அடுத்த ஏப்ரலில் அந்தக் கிரீன் மைதானத்திலேயே அடர்த்தியாக இருந்தது, ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை.

அதற்காக மரத்தை வெட்டு என்று சொல்லவே மாட்டேன். நிழலில் நிற்கும், ஆட்டக்காரர் பை தூக்கும் கேடிகளையும் களை எடுப்பவர்களையும் நினைத்துப் பார். கிழக்குப் பக்கத்துத் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, காலை வெயில் எட்டரைக்குள் கிரீனில் விழும்படி செய்தால் போதும். காலை வெயில்தான் பனியை உலர்த்தும்.

அக்டோபர் 20

இந்த இழை முழுக்க மழையை வில்லனாகவே எழுதிவிட்டேன். இன்று அதைத் திருத்துகிறேன். உன் இடத்துக்கு மழை மருந்தும் கூட. ஆறு மாதமாக ஏறிய உப்பைக் காசில்லாமல் கழுவ அதை விட்டால் ஆள் இல்லை. அதனால்தான் ஜிப்சத்தை இப்போதே போடச் சொல்கிறேன். ஜிப்சத்தின் கால்சியம் மண்ணோடு ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், தள்ளப்பட்டதை மழைத் தண்ணீர் கீழே கொண்டுபோகும். வடிகால் இருந்தால் மழை கழுவும், இல்லையென்றால் ஊறப்போட்டு அழுகவைக்கும். நான் மே மாதம் "மழைதான் காரணம்" என்று எழுதிய இடங்களில் "வடியாத மழை" என்று படித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 2

ஃபெஞ்சல் புயல் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. அந்தக் கரையோரத்தில் மைதானம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும்: முதலில் ஆட்கள் பத்திரமா பாருங்கள், புல் அப்புறம். அறுந்த வயர் கிடக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள்.

தண்ணீர் வடிந்ததும் கிரீனில் மெல்லிய வண்டல் படிந்திருக்கும். ஈரமாக இருக்கும்போதே ரப்பர் தள்ளியால் தள்ளிக் கழுவி வெளியேற்றுங்கள். காய்ந்தால் அப்பளம் போல மேலே ஒட்டிக்கொள்ளும், காற்று போகாது. மோவரை ஒரு வாரம் தொடாதீர்கள். எங்களிடமும் மணற்பள்ளங்களான பங்கர்களில் இரண்டு சரிந்து மணல் எல்லாம் ஃபேர்வேக்கு வந்துவிட்டது.

டிசம்பர் 4

தம்பி எழுதிவிட்டார். எல்லோரும் நலம். 4-இல் ஒரே நாளில் தண்ணீர் வடிந்துவிட்டதாம். 7-இல் இரண்டரை நாள் நின்றிருக்கிறது. மண் உலர்ந்ததும் 7-ஐ மட்டும் மெல்லிய ஊசியால் குத்து, மண் துண்டு எடுக்க வேண்டாம், துளை போட்டால் போதும்.

2025 ஜனவரி 12

மார்கழி முடியப்போகிறது. விடியற்காலையில் நீண்ட மூங்கில் கழியால் பனித்துளியைத் தட்டிவிடும் வேலை எங்களிடம் நடந்துகொண்டிருக்கிறது. கிரீனின் ஒரு ஓரத்திலிருந்து கழியை வீசிக்கொண்டே போனால் பின்னால் அடர்பச்சையாகக் கோடு விழும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த அரைமணி நேரம் அதுதான். மண்புழு எச்சமும் அதிலேயே உடைந்து பரவிவிடும்.

தம்பி அனுப்பிய அளவு: 4-இல் 7 செ.மீ., கறுப்புப் பட்டை மங்கிப் பழுப்பாகியிருக்கிறது, வாசம் இல்லை. 7-இல் 4 செ.மீ. மழைக்காலம் முடிந்த கையோடு 4-இல் 7 செ.மீ. என்றால் நான் எதிர்பார்த்ததைவிட நன்று, உண்மையில் மிகுந்த சந்தோஷம். உயரத்தை இப்போதே இறக்காதே, தை பிறந்து வெயில் நிலைக்கட்டும், வாரத்துக்குக் கால் மில்லிமீட்டர் மட்டும். யூரியா பிப்ரவரி நடுவில், மிகக் குறைவாக.

7-க்கு மட்டும் இன்னும் சந்தேகம் இருக்கிறது. அதன் கிழக்கு ஓரத்தில் ஒரு துண்டும் நடுவில் ஒரு துண்டும் எடுத்துத் தனித்தனியாக அளந்து போடு. அந்தப் புங்கமரத்து நிழல் கிரீனை விட்டு விலக எத்தனை மணி ஆகிறது என்றும் ஒரு வாரம் நின்று பார்த்து எழுது.